நங்கூரக் கல்

என் முதல் கட்டிடம் ஒரு கழிப்பறை.
மீன் சந்தைக்குப் பின்னால், பெண்களுக்கு,
மூன்று அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி.
பெயர்ப் பலகையில் தவிசாளர் இருந்தார்,
செயலாளர் இருந்தார், நான் இல்லை.
அன்று பஸ்ஸில் அழுதேன்.
பிறகு அது வசதியாகப் போயிற்று.

மொரட்டுவையில் படித்த காலம் முழுக்க
ஸ்பொஞ்சைக் கிள்ளிப் பச்சைச் சாயத்தில் தோய்த்து
மரங்கள் செய்தவள் நான்.
அவற்றின் நிழல் எப்போதும்
மேசை விளக்குக்கு எதிர்ப்பக்கம் விழுந்தது.
கழிப்பறைக்குக் காற்றின் திசை கேட்டார்கள்.
இரத்மலானைக் காற்றைப் பிரதி எடுத்துத்
திருகோணமலைத் தாளில் ஒட்டினேன்.
ஒருவரும் பார்க்கவில்லை. ஒப்பம் விழுந்தது.

ஆடியில் கச்சான் எழுந்தது.
கன்னியாப் பக்கத்துக் காட்டுச் சூட்டை வாரிக்கொண்டு
கடலைப் பார்த்து ஓடுகிற காற்று
நடுவில் என் கதவுகளைக் கண்டது.
மேற்கே பார்த்த கதவுகள், உட்பக்கம் திறப்பவை.
ஒரு கிழமையில் மூன்று தாழ்ப்பாளும் பிடுங்கிக்கொண்டு போயின.

நான் கமராவோடு போயிருந்தேன்,
தொகுப்பில் சேர்க்க நாலு படம் எடுக்க.
ஒவ்வொரு கதவின் உள்ளேயும் ஒரு கல்,
நடுவில் துளையோடு,
வள்ளத்துக்கு நங்கூரமாய்ப் போடுகிற கல்.
கொலஸ்திக்கா அக்கா சூடைக் கூடையை இறக்கிவிட்டு
“காத்து எந்தப் பக்கத்தால வாறதெண்டு
எங்களிட்டக் கேட்டிருக்கலாமே பிள்ளை” என்றாள்.
கோபமில்லை. விலை சொல்கிற குரல்தான்.
நான் படம் எடுக்கவில்லை.

அதன் பிறகு கட்டியவற்றுக்குப் பட்டியல் உண்டு,
நிலாவெளியில் ஒரு விடுதி உட்பட:
கடல் தெரிய முழுச் சுவரும் கண்ணாடி.
மூன்று மணி வெயிலுக்கு விருந்தாளிகள்
அதன்மேல் துவாய் தொங்கவிட்டார்கள்.
கோட்டைப் பக்கத்துக் கிளினிக்கில்
நான் போட்ட வாங்கில் யாரும் இருக்கவில்லை.
பின்பக்க மதிலோரம் மான்கள் படுத்திருந்தன,
ஐந்தாறு, கண்ணை மூடி அசைபோட்டபடி.
வாங்கைத் தூக்கி அங்கே போட்டேன்.
மான்கள் கொஞ்சம் தள்ளிப் படுத்தன.

போன மாதம் மாணவர்கள் கூப்பிட்டார்கள்,
“உங்கள் வடிவமைப்புத் தத்துவம்”, இருபது நிமிடம்.
ஸ்லைடு போடவில்லை. கல்லைப் பற்றிச் சொன்னேன்.
நீங்கள் கட்டியது திறந்து ஆறு மாதம் கழித்துப் போங்கள்,
கமரா வேண்டாம்,
பெயரையும் சொல்லாதீர்கள்.
எங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள், எங்கே காட்போட்,
எந்த யன்னலில் பழைய சாரம்.
அதெல்லாம் உங்கள் வரைபடத்தில்
அவர்கள் போட்ட திருத்தம்.
வெட்கமாய்த்தான் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.
முன்வரிசையில் யதுர்ஷா என்றொரு பிள்ளை
“அப்ப கட்ட முதலே ஏன் கேக்கக்கூடாது?” என்றாள்.
கேட்கலாம்.
கேட்டாலும் ஒரு கல் மிஞ்சும் என்றேன்.
சும்மா சமாளிக்கிறேன் என்று நினைத்திருப்பாள்,
பாதி உண்மைதான்.

ஏனென்றால் இந்த வருடம்தான்
அந்தக் கதவுகளைத் திருத்தக் காசு கிடைத்தது.
மூதூரிலிருந்து றிபாய்தீன் தச்சர் வந்து
பிணைச்சலை மாற்றி
வெளிப்பக்கம் திறக்க வைத்தார்.
இப்போது கச்சானே கதவை அழுத்திப் பிடிக்கிறது,
தாழ்ப்பாளுக்கு வேலை குறைவு.
கற்களைத் தூக்கி வெளியே வைத்தோம்.
பதினொரு வருடக் கடன் தீர்ந்தது என்று
பிளேன்ரீ குடித்தோம்.

அடுத்த கிழமை கற்கள் மறுபடி உள்ளே.
கதவுக்கு இல்லை, மூலையில்.
ஈர நிலத்தில் காசுப் பையை
எங்கே வைப்பது?
கொக்கி வரைய மறந்திருந்தேன்.

மூன்று கொக்கி வாங்கி வந்திருக்கிறேன்.
எந்த உயரம் என்று கேட்க வேண்டும்.
உள்ளே ஆள் இருக்கிறது.
வெளியே நிற்கிறேன்.